ஜிஎஸ்டி தளத்தின் என்ரோல்மென்ட் எண்: சிறு ஆன்லைன் விற்பனையாளருக்கு எதுவரை கைகொடுக்கிறது?

ஆன்லைன் தளம் ஒன்றில் சேலையோ சோப்போ மரப்பொம்மையோ விற்கக் கணக்குத் தொடங்கினால், முதல் பக்கத்திலேயே ஜிஎஸ்டி எண் கேட்கும். 2023 செப்டம்பர் வரை எண் இல்லாதவருக்கு அங்கேயே வழி அடைபட்டது. ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவு அப்படி: விற்பனைப் பணத்திலிருந்து டிசிஎஸ் என்ற வரித்தொகையைப் பிடிக்கக் கடமைப்பட்ட இ-காமர்ஸ் தளம் வழியாகச் சரக்கு விற்பவர், ஆண்டுக்கு ஒரு சேலை விற்றாலும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதே சேலையைத் தெருமுனைக் கடையில் வைத்து விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஒரே சரக்கு, ஒரே ஊர், ஒரே அளவு வியாபாரம். போன் வழியாக விற்றவருக்கு மட்டும் தனிச் சுமை. சிறு விற்பனையாளர்கள் வருடக்கணக்கில் பொறுமிய அநியாயம் இது.

2022 ஜூன் மாதம் சண்டிகரில் நடந்த 47-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் இதைச் சரிசெய்யப் பரிந்துரைத்தது. 2023 அக்டோபர் 1 முதல் அறிவிக்கை எண் 34/2023 நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் முழுப் பதிவு இல்லாமலேயே, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு என்ரோல்மென்ட் எண் வாங்கிக்கொண்டு ஆன்லைனில் விற்கலாம். இந்த மதிப்பீடு அந்தச் சேவையைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு இது நல்ல சேவை. கட்டணம் கிடையாது, மாதாமாதம் கணக்குத் தாக்கல் கிடையாது, வாங்குவது எளிது. வெளி மாநிலத்திலிருந்து ஆர்டர் வந்தால் எடுக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. சிறு விற்பனையாளரை நெருக்குவது வரித் தொகையைவிட மாநில எல்லையும் கணக்குவேலையும்தான். இந்தச் சேவை இரண்டாவதை இறக்கிவைக்கிறது, முதலாவதை அப்படியே விட்டுவிடுகிறது.

யாருக்குக் கிடைக்கும்

பான் கார்டு வேண்டும். போன நிதியாண்டிலும் நடப்பு நிதியாண்டிலும் விற்றுமுதல் வரம்புக்குள் இருக்க வேண்டும். வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஒரு மாநிலத்தில் மட்டும்தான் ஆன்லைன் தளம் வழியாக விற்கலாம். ஒரு மாநிலத்துக்கு ஒரு எண்தான். எண் கைக்கு வருமுன் ஒரு ஆர்டரைக்கூட எடுக்கக் கூடாது.

விற்றுமுதல் என்றால் ஆன்லைன் தளத்தில் விற்றது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த ஒரு பான் எண்ணில் நடக்கும் எல்லா வியாபாரமும் கணக்கில் சேரும்: கடையில் விற்றது, கண்காட்சியில் விற்றது, வரி இல்லாத சரக்கு விற்றது, எல்லாம். இரண்டு தளத்தில் இரண்டு கடைப் பெயர் வைத்திருந்தாலும் பான் ஒன்று என்றால் கூட்டுத்தொகை ஒன்றுதான்.

அந்த வரம்பு எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். தளங்கள் தங்கள் விளக்கப் பக்கங்களில் 40 லட்சம் என்று போடுகின்றன. ஆனால் 34/2023 அறிவிக்கை கைகாட்டுவது சட்டத்தின் 22(1) பிரிவை. அந்தப் பிரிவில் அச்சாகியிருக்கும் தொகை 20 லட்சம். சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் என்ற சலுகை 2019 மார்ச்சில் வந்த 10/2019 அறிவிக்கையின் வழியாக, 23-ஆம் பிரிவின் கீழ் வந்தது. அதனால் விற்றுமுதல் 20 லட்சத்தை நெருங்கும்போதே ஒரு ஜிஎஸ்டி ஆலோசகரிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுவது நல்லது. 40 லட்சம் வரை கவலையே இல்லை என்று தளத்தின் உதவிப் பிரிவு சொன்னதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

40 லட்சம் என்று எடுத்துக்கொண்டாலும் அது சரக்கு மட்டும் விற்பவருக்கு. ஆன்லைனில் சேலை விற்பவர், பக்கத்திலேயே கூலிக்கு ரவிக்கை தைத்தும் கொடுத்தால் அது சேவை. அதன் பிறகு வரம்பு 20 லட்சம்தான். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள், செங்கல் ஆகியவற்றை விற்பவருக்கும் 40 லட்சச் சலுகை இல்லை.

அச்சுப் புத்தகம் போல வரியே இல்லாத சரக்கை மட்டும் விற்பவருக்குச் சட்டப்படி பதிவு தேவையில்லை. அவர் இந்த எண்ணுக்காக அலைய வேண்டியதில்லை. புத்தகத்தோடு ஒரு புத்தகப்பையையும் சேர்த்து விற்கத் தொடங்கினால் கதை மாறிவிடும்.

விண்ணப்பம்: எங்கே சிக்கும்

ஜிஎஸ்டி தளத்தின் பதிவுப் பகுதியில், வழக்கமான புதுப் பதிவுக்குப் பக்கத்தில், இ-காமர்ஸ் ஆபரேட்டருக்குச் சரக்கு கொடுப்பவராகச் சேர்வதற்கென்று தனி இணைப்பு இருக்கிறது. அவசரத்தில் புதுப் பதிவை அழுத்திவிட்டால் முழு ஜிஎஸ்டி விண்ணப்பம் திறந்துகொள்ளும். நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் இ-காமர்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். மாநிலம், பான், பான் கார்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, மொபைல், மின்னஞ்சல், தொழில் நடக்கும் முகவரி இவைதான் அடிப்படைத் தகவல்கள். மொபைலுக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும். பான் விவரம் சரிபார்க்கப்பட்ட பிறகே எண் கிடைக்கும்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. ஆதாரில் ‘செல்வி மு’ என்று இருக்கும். பான் கார்டில் ‘முருகன் செல்வி’ என்று அப்பா பெயர் முன்னால் விரிந்து நிற்கும். வங்கிக் கணக்கில் ‘மு. செல்வி’. இந்தச் சேவைக்கு அளவுகோல் பான் கார்டுதான். அதில் இருக்கும் எழுத்துக்கூட்டை, இடைவெளி உட்பட, அப்படியே தட்டுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டு, பானை மாற்றாமல் விட்ட பெண்களுக்கு இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பிழை காட்டும். பானில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அதை முடித்துவிட்டு வருவதே சுருக்கமான வழி. கையோடு வங்கிக் கணக்கையும் அதே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு தளம் பணம் அனுப்பும்போது அங்கேயும் பெயர் ஒப்பிடப்படும்.

மின்னஞ்சலும் மொபைலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ‘ஐந்நூறு ரூபாய் கொடுங்க, நாங்க போட்டுத் தரோம்’ என்று சொல்லும் இடங்களில் பல நேரம் அவர்களுடைய எண்ணையே கொடுத்துவிடுவார்கள். ஓடிபி அவர்களிடம் போகும். பின்னால் உள்ளே நுழைய அவர்களையே நம்பியிருக்க வேண்டும். அரசு இந்த எண்ணுக்கு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை.

பெரிய குறை, தமிழில் படிவம் இல்லாதது. வீட்டிலிருந்து விற்பவர்களுக்காகவே வந்த சேவை, அவர்களில் பலர் தயங்கும் மொழியில் நிற்கிறது. சில தகவல் மட்டும் கேட்கும் படிவத்தைத் தமிழில் கொடுத்தால் இடைத்தரகருக்கு வேலையே இருக்காது. சந்தேகம் கேட்க 1800-103-4786 என்ற ஜிஎஸ்டி உதவி எண் இருக்கிறது. பிழைச்செய்தியின் படத்தைச் சுயசேவைக் குறைதீர் பக்கத்தில் ஏற்றிப் புகார் எண் வாங்கிவைத்துக்கொள்வது போனில் விளக்குவதைவிடப் பயன்படும்.

எண் கிடைத்ததும் விற்பனைத் தளத்தில் கொடுக்க வேண்டும். இங்கே இன்னொரு சுவர். எல்லாத் தளமும் இந்த எண்ணை ஏற்றுக்கொள்வதில்லை. மீஷோ 2023 அக்டோபரிலேயே பதிவில்லாத விற்பனையாளரைச் சேர்க்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் விதி, சரக்கின் வகையையும் தளத்தின் கொள்கையையும் பொறுத்து மாறுகிறது. தளங்கள் தயங்கக் காரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. தகுதியில்லாதவரை விற்க விட்டாலோ, எண்ணை வைத்து வெளி மாநிலத்துக்கு விற்க விட்டாலோ, 122-ஆம் பிரிவின் கீழ் தளத்துக்கே பத்தாயிரம் ரூபாய் அல்லது அதற்குரிய வரித்தொகை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். சலுகை கொடுத்த அதே கையால் வாயில்காவலையும் தளத்தின் தலையில் வைத்ததால், சில தளங்கள் கதவையே திறக்காமல் இருப்பதை எளிதாகக் கருதுகின்றன.

எல்லைக்கோடு

கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்கு அனுப்பும் பார்சல் மாநிலத்துக்குள் விற்பனை. கடலூரிலிருந்து பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்புவது வெளி மாநில விற்பனை. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. காரைக்காலும் 34-தான், கடல் தவிர மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாட்டு ஊர்களாக இருந்தாலும். மாஹேயும் ஏனாமும்கூட அதே 34.

பின்கோடை வைத்து வடிகட்டுபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். புதுச்சேரி 605001. விழுப்புரம் 605602. இரண்டும் 605-இல் தொடங்குகின்றன. மயிலாடுதுறை 609001, காரைக்கால் 609602. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்துத் தமிழ்நாடு என்று முடிவுகட்ட முடியாது. விற்பனைத் தளமே எல்லையைத் தடுக்கும் இடத்தில் பயமில்லை. சொந்தமாக ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புபவர், முகவரியில் மாநிலம் என்ற கட்டத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர் பணம் கட்டி, பெங்களூரில் இருக்கும் தங்கைக்குப் பரிசாக அனுப்பச் சொன்னால்? பில் முகவரி சென்னை என்பதால் உள்மாநில விற்பனை என்று நினைக்கத் தோன்றும். 2024 ஜூன் 26-இல் வந்த 209 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கிவிட்டது: பதிவில்லாத வாடிக்கையாளருக்கு ஆன்லைனில் விற்கும்போது பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறாக இருந்தால், டெலிவரி முகவரிதான் கணக்கு. அந்தப் பரிசுப் பார்சல் வெளி மாநில விற்பனை. என்ரோல்மென்ட் எண்ணில் அதை எடுக்க முடியாது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு ஆறுதல். அங்கிருந்து சென்னைக்குப் போகும் பார்சலை கூரியர் நிறுவனம் பெங்களூர் கிடங்கு வழியாகச் சுற்றிக் கொண்டுபோனாலும் அது வெளி மாநில விற்பனை ஆகாது. சரக்கு யாருக்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் பார்க்கப்படும், லாரி போன பாதை அல்ல.

சொந்த இணையதளம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்பவருக்கு 24-ஆம் பிரிவின் இ-காமர்ஸ் விதி பொருந்தாது. அவர் அடுத்தவர் தளத்தில் விற்கவில்லை. இந்த எண்ணும் அவருக்குத் தேவையில்லை. ஆனால் அதே 24-ஆம் பிரிவின் இன்னொரு வரி, வெளி மாநிலத்துக்கு வரிக்குரிய சரக்கு விற்கும் எவருக்கும் கட்டாயப் பதிவு என்கிறது. அதில் தொகை வரம்பு கிடையாது. ‘ஆல் இந்தியா ஷிப்பிங்’ என்று பக்கத்தின் மேலே எழுதிவைத்துவிட்டு ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்பது தானாகவே எழுதிக்கொடுத்த சாட்சி மாதிரி. அறிவிக்கையில் பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும், நேரடியாக வெளி மாநிலத்துக்கு விற்றாலும் வரம்பு வரை பதிவு விலக்கு உண்டு. அதற்கு பானும், சரக்கு அனுப்பும்போது எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும். அந்த விலக்கை நம்பிப் பொதுத் தளத்தில் வெளி மாநில ஆர்டர் எடுக்க முடியாது, ஏனென்றால் என்ரோல்மென்ட் எண்ணின் நிபந்தனை வெளி மாநிலச் சரக்கு விற்பனையையே தடுக்கிறது.

பணக் கணக்கு

சேலை ஒன்றுக்கு வாங்குபவர் கொடுப்பது ரூ.1,050 என்று வையுங்கள். தளத்தின் கமிஷன், கூரியர் எல்லாம் சேர்த்து ரூ.200, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி ரூ.36. ஆக ரூ.236 போகும்.

சேலையை மொத்தக் கடையில் ரூ.600-க்கும் 5 சதவீத வரி ரூ.30-க்கும் வாங்கியிருந்தால், என்ரோல்மென்ட் எண்ணில் விற்பவருக்கு மிச்சம் 1,050 கழித்தல் 236 கழித்தல் 630, அதாவது ரூ.184. முழுப் பதிவு உள்ளவர் அந்த 1,050-இல் ரூ.50-ஐ வரியாகக் காட்ட வேண்டும். ஆனால் கமிஷன் மேல் கட்டிய 36, சேலை மேல் கட்டிய 30, ஆக 66 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு அவருக்கு உண்டு. கையில் வரி கட்ட வேண்டியதில்லை, 16 ரூபாய் வரவாக நிற்கும். லாபம் ரூ.200. பதிவுள்ளவருக்குச் சேலைக்கு 16 ரூபாய் கூடுதல். கணக்கெழுதக் கொடுக்கும் கூலி மாதம் ரூ.1,000 என்றால், அதை ஈடுகட்டவே மாதம் 63 சேலை விற்க வேண்டும்.

அதே சேலையைப் பதிவில்லாத நெசவாளரிடம் வரியில்லாமல் ரூ.600-க்கு வாங்கினால் கணக்கு திரும்பிவிடும். என்ரோல்மென்ட் எண்காரருக்கு ரூ.214, பதிவுள்ளவருக்கு ரூ.200.

வரி விகிதம் கூடக்கூட இந்த இடைவெளி விரியும். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500-க்கு மேல் விலையுள்ள ஆடைக்கு 18 சதவீதம். வாங்குபவர் ரூ.3,540 கொடுக்கும் ஒரு தைத்த உடையில், பதிவுள்ளவர் காட்ட வேண்டிய வரி ரூ.540. துணிக்கு 5 சதவீதம்தான் கட்டியிருப்பார், தையல் தன் உழைப்பு, அதற்கு வரவு இல்லை. உழைப்பு அதிகமாகச் சேரும் பொருளைச் சொந்தக் கையால் செய்து, மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு என்ரோல்மென்ட் எண்தான் கண்ணைமூடிக்கொண்டு சிபாரிசு செய்யக்கூடிய வழி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவர் கமிஷன் மேல் கட்டும் 18 சதவீதம், விளம்பரத்தின் மேல் கட்டும் 18 சதவீதம் எல்லாம் திரும்பி வராத செலவாகவே நின்றுவிடும்.

டிசிஎஸ் எனப்படும், விற்பனைப் பணத்திலிருந்து தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை, என்ரோல்மென்ட் எண்காரருக்குக் கிடையாது. இது உண்மையான நிம்மதி. பதிவுள்ளவருக்கு அது 2018 அக்டோபர் முதல் 1 சதவீதம், 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். வருமானவரிக்காகத் தளம் பிடிப்பது தனி: பழைய சட்டத்தில் 194-ஓ பிரிவு, 2024 அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்தது. தனிநபராக விற்பவர் அந்தத் தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் போகாமல், பானோ ஆதாரோ கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும்.

டிசிஎஸ் பிடிக்காததால் அரசுக்கு விற்பனை தெரியாது என்று எண்ண வேண்டாம். தளம் மாதாமாதம் 10-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் என்ரோல்மென்ட் எண் வாரியாக விற்பனை ஏறும். எண்ணுக்குப் பின்னால் உங்கள் பான் இருக்கிறது. வருமானவரிக் கணக்கில் காட்டும் விற்பனை அதோடு ஒத்துப்போக வேண்டும்.

முழுப் பதிவுக்குப் போனால்

எல்லைக்கோட்டைத் தாண்ட வேறு வழியில்லை. சிறு விற்பனையாளரின் நேரத்தைத் தின்பது எது என்பது இங்கேதான் தெரியும். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர் காலாண்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் காலாண்டுக்கு அடுத்த மாதம் 13-ஆம் தேதி, வரிக் கணக்கைக் காட்டும் 3பி படிவத்துக்குத் தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி கடைசி. காலாண்டின் முதல் இரண்டு மாத வரியை அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கு 14409 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே வெற்றுத் தாக்கலை முடிக்கலாம். தாமதக் கட்டணம் வெற்றுத் தாக்கலுக்கு நாளுக்கு ரூ.20, உச்சம் ரூ.500, மற்றதற்கு நாளுக்கு ரூ.50, விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உச்சம் ரூ.2,000. இது ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனி.

ஆன்லைன் விற்பனையாளரிடம் அடிக்கடி நடக்கும் தவறு திரும்பி வரும் சரக்கில். மார்ச் 28-இல் அனுப்பிய உடை ஏப்ரல் 6-இல் திரும்பி வருகிறது. மார்ச் கணக்கில் அதற்கு டிசிஎஸ் பிடித்தாகிவிட்டது. கழிவு ஏப்ரலில்தான் தெரியும். வங்கிக்கு வந்த பணத்தை வைத்து விற்பனைக் கணக்கு எழுதுபவருக்கு இரண்டு மாதமும் பொருந்தாமல் போகும். தளம் தரும் பணப்பட்டுவாடா அறிக்கையை விட்டுவிட்டு, விற்பனை அறிக்கை, திரும்பிய சரக்கு அறிக்கை என்ற இரண்டையும் தனியாக இறக்கி, பில் தேதியை வைத்துக் கணக்கிட வேண்டும். வங்கிக்கு வருவது கமிஷனும் கூரியரும் கழித்த தொகை; அதை விற்றுமுதலாகக் காட்டினால் குறைத்துக் காட்டியதாகும்.

ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தளத்து விற்பனையை வழக்கமான அட்டவணையில் மாநில வாரியாகக் காட்டிய பிறகு, 14-ஆவது அட்டவணையில் தளத்தின் ஜிஎஸ்டி எண்ணோடு மறுபடியும் காட்ட வேண்டும். இரண்டு முறை வரி விழுமோ என்று பயந்து ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 14-ஆவது அட்டவணை வரியில் சேராது, தகவலுக்கு மட்டுமே.

பிடித்த டிசிஎஸ் தானாக வந்து சேராது. தளம் ஜிஎஸ்டிஆர்-8 போட்ட பிறகு, உங்கள் கணக்கில் ‘டிடிஎஸ் அண்ட் டிசிஎஸ் கிரெடிட் ரிசீவ்டு’ என்ற பகுதியைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் ஏற்று, தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஏறும். வரி கட்ட அதைப் பயன்படுத்தலாம், மிஞ்சினால் திரும்பக் கேட்கலாம். ஏற்காமல் விட்டால் சொந்தப் பணம் அங்கேயே கிடக்கும்.

வாடகை வீட்டில் தொழில் செய்பவருக்குப் பதிவின்போது முகவரிச் சான்றுதான் தொல்லை. பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் மின் கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது ஒன்றும் போதும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. தளத்தின் கிடங்கில் சரக்கை வைப்பதானால் அந்தக் கிடங்கைக் கூடுதல் தொழிலிடமாகச் சேர்க்க வேண்டும். கிடங்கு வேறு மாநிலம் என்றால் அங்கே தனிப் பதிவு. இதற்கு எளிய பதிவு முறை ஒன்றைக் கொண்டுவர 2025 செப்டம்பர் 3-இல் கூடிய 56-ஆவது கவுன்சில் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டமும் 2023 அக்டோபர் முதல் ஆன்லைனில் சரக்கு விற்பவருக்குத் திறந்திருக்கிறது: ஒன்றரைக் கோடி வரை, விற்றுமுதலில் 1 சதவீதம், காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08 படிவம். ஆனால் உள்ளீட்டு வரவு இல்லை, டிசிஎஸ் உண்டு, எல்லைக்கோடும் உண்டு. முன்னே சொன்ன சேலைக் கணக்கில் ரூ.184 என்பது ரூ.173.50 ஆகும். கடையில் ஏற்கெனவே காம்போசிஷனில் இருப்பவர் ஆன்லைனையும் சேர்த்துக்கொள்ள ஏற்றது. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தேட வேண்டியதில்லை.

எண்ணை வைத்துச் செய்யக் கூடாதவை

இது ஜிஎஸ்டி எண் அல்ல. பில்லில் வரி என்று தனி வரி போட்டு வாங்குவது சட்டத்தின் 32-ஆம் பிரிவுக்கு எதிரானது. மொத்தமாக வாங்கும் கடைக்காரர் வரிப் பில் கேட்டால் கொடுக்க முடியாது. அவருக்கு உள்ளீட்டு வரவு போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் நூலோ துணியோ வாங்கும் கடையில் இந்த எண்ணை ஜிஎஸ்டி எண் இருக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

வரம்பைத் தாண்டினால், அல்லது வெளி மாநில ஆர்டர் எடுக்க முடிவு செய்தால், பொறுப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவு நடைமுறைக்கு வரும் தேதியில் என்ரோல்மென்ட் எண் தானாகச் செல்லாததாகிவிடும். தளத்தில் புது எண்ணை ஏற்றும் வரை ஆர்டர்களை நிறுத்திவையுங்கள், இடைவெளியில் பழைய எண்ணில் போகும் பில்தான் பின்னால் நோட்டீஸாக வரும். விண்ணப்பம் 30 நாளைத் தாண்டினால் பொறுப்பு வந்த நாளிலிருந்தே வரி விழும், கையிருப்புச் சரக்கின் வரவும் சிக்கலாகும். அந்த வரவை எடுக்க ஐடிசி-01 படிவத்தை அடுத்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கோரும் தொகை 2 லட்சத்தைத் தாண்டினால் பட்டயக் கணக்காளர் சான்று கேட்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழைய கொள்முதல் பில்லுக்கு வரவு கிடையாது. என்ரோல்மென்ட் எண்ணில் விற்கும் காலத்திலும் நூல், துணி, டப்பா வாங்கிய வரிப் பில்களைத் தேதி வாரியாக எடுத்துவைப்பது இதற்காகத்தான். அன்றைக்கு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எந்தப் பில்லில் வந்தது என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பணம் திரும்பும்.